படம் குதிக்கிற இடம்

போன மாசம் ஈப்போவில, சினிமாப் பைத்தியம் பிடிச்ச பிள்ளைங்க கொஞ்சப் பேர் சேர்ந்து, என்கிட்ட இருந்த பழைய ரீல் ரெண்டைக் கம்ப்யூட்டருக்கு மாத்தி ஒரு ஹால்ல போட்டுக் காட்டுனாங்க. பதினோரு நிமிஷப் படம். எழுபதுகள்ல, சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு கித்தா தோட்டத்துல, ரப்பர் தோட்டம்தான், எடுத்தது. தோட்டத்துல விடியக்காலையில ஆளுங்களை வரிசையா நிறுத்திப் பேர் கூப்பிடுவாங்களே, அந்தப் பெரட்டுக்கு அடிக்கிற மணி ஒருநாள் காணாமப் போயிடுது. கோட்டு மாட்டிக்கிட்டு ஒரு துப்பறியும் நிபுணர் அதைத் தேடுறார். அவ்வளவுதான் கதை. சிரிப்புப் படம். அதை வெட்டி ஒட்டுனவ நான்ங்கிறதால என்னைய முன்வரிசையில உட்கார வச்சு, மாலை வேற போட்டுட்டாங்க. கழுத்து அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

படம் முடிஞ்சதும் ஒரு தம்பி எழுந்தான்.

"ஆன்டி, அஞ்சாவது நிமிஷத்துல துப்பறியறவரு ஒரு மரத்துக்கிட்ட குனியறாரு. அடுத்த நொடி பார்த்தா எங்கயோ தூரத்துல நடந்து போறாரு. நடுவுல ஒண்ணுமே காணோம். படம் ஒரு குதி குதிக்குது. அந்தக் காலத்துலயே இவ்ளோ தைரியமா வெட்டியிருக்கீங்களே, அது ஸ்டைலா?"

"ஸ்டைலும் இல்ல, ஒண்ணும் இல்ல லா. ரீல் பழசு, அறுந்திருக்கும்"னு சொல்லிட்டேன்.

பொய். என் வயசுக்கு இப்படிப் பச்சையாப் பொய் சொல்லியிருக்கக் கூடாது. அன்னைக்குப் பின்வரிசையில உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, நான் சொன்னதைக் கேட்டுட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அவங்க யாருன்னு அப்புறம் தெரிஞ்சுச்சு. அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல, அந்தக் குதி எப்படி வந்துச்சுன்னு அந்தத் தம்பிக்கு ஒழுங்காப் பதில் எழுதிடுறேன்.

என் பேரு பிலோமினா. புந்தோங்ல பிறந்து வளர்ந்தவ. ஈப்போ பழைய டவுன்ல ஒரு சீனர் ஸ்டூடியோவுல முப்பத்தோரு வருஷம் வேலை. முதல் மூணு வருஷம் நெகட்டிவ்ல கல்யாணப் பொண்ணுங்களோட பருவை எடுத்தேன். அடுத்த நாலு வருஷம் கறுப்பு வெள்ளைப் படத்துல கன்னத்துக்கு ரோஸ் கலர் பூசினேன். அப்புறம் பணம் உள்ளவங்க வீட்டுக் கல்யாணத்துக்குச் சின்ன ஃபிலிம் கேமரா வர ஆரம்பிச்சுச்சு. தீப்பெட்டி நீளம்கூட அகலம் இல்லாத ஃபிலிம், ஒரு ரோலுக்கு மூணு நிமிஷம் சொச்சம் ஓடும். அதை வெட்டி ஒட்ட ஸ்டூடியோவுல ஒருத்தருக்கும் பொறுமை இல்ல. எனக்கும் பொறுமை இல்ல, ஆனா எனக்குக் கை நடுங்காது. அதனால அந்த மேசை எனக்கு வந்துச்சு.

எங்க முதலாளி லியோங் தவ்கே. ஒல்லி மனுஷன். ஜாம் பாட்டில்ல வெந்நீர் ஊத்தி வச்சுக்கிட்டு நாள் பூரா குடிப்பாரு. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. வேலை பிடிக்கலைன்னா அதை எடுத்துட்டு வந்து திரும்ப நம்ம மேசையில வச்சுட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாரு. துடைச்சுக்கிட்டே மலாய்ல ரெண்டு வார்த்தை சொல்லுவாரு: "தெங்கோ லாகி." இன்னொரு தடவை பாருன்னு அர்த்தம். எங்க தப்பு, என்ன தப்புன்னு சொல்லவே மாட்டாரு. நாமளே பார்த்துக் கண்டுபிடிக்கணும். எனக்குப் பத்திக்கிட்டு வரும். வாயைத் திறந்து சொன்னா முத்தா கொட்டிடும்னு முணுமுணுத்துக்கிட்டே திரும்பப் பார்ப்பேன். பார்த்தா, அங்க தப்பு இருக்கும்.

அவருக்கு இன்னொரு சட்டம் உண்டு: "ஜாங்கான் புவாங்." எறியாதே. என் மேசைக்கு மேல ஒரு கயிறு கட்டி, துணி காயப் போடுற கிளிப்பு வரிசையா மாட்டியிருக்கும். வெட்டுன துண்டு ஒவ்வொண்ணையும் அதுல தொங்க விட்டு, கீழ ஒரு சின்னச் சீட்டுல நம்பர் எழுதி ஒட்டணும். வெறும் வெள்ளை ஃபிலிம்தான் குப்பைக்குப் போகலாம். உருவம் விழுந்த துண்டு, அது மங்கலோ கோணலோ, வாடிக்கையாளர் வந்து எடுத்துட்டுப் போற வரைக்கும் கிளிப்புலதான் கிடக்கணும். ஃபேன் சுத்துனா எல்லாத் துண்டும் மெல்ல ஆடும். மத்தியானத்துல அந்தக் கயித்துக்குக் கீழ தனியா உட்கார்ந்திருந்தா, யார் யாரோட கல்யாணமோ நம்ம தலைக்கு மேல அசைஞ்சுக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கும். எனக்குக் கல்யாணம் ஆகல. அதனால அடுத்தவங்க கல்யாணத்தையெல்லாம் நான்தான் நல்லாப் பார்த்தேன்.

இந்தச் சமயத்துலதான் ராசு அண்ணன் வந்தாரு. முழுப் பேரு ராஜமாணிக்கம். தோட்டத்துல பால் வெட்டுறவரு, முப்பது வயசு இருக்கும். எங்க ஸ்டூடியோவுல இரண்டாம் கையா விற்பனைக்கு வச்சிருந்த ஒரு ஃபிலிம் கேமராவை மூணு மாசமா வந்து வந்து பார்த்துட்டுப் போனாரு. நாலாவது மாசம் தவ்கே அதை எடுத்து அவரு கையில கொடுத்துட்டு, காசு அப்புறம்னு சைகை காட்டிட்டு உள்ள போயிட்டாரு. ராசு அண்ணன் அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

"கல்யாணம் எடுக்கவா அண்ணே?"ன்னு கேட்டேன்.

"கல்யாணமா? படம் தங்கச்சி, படம்! கதை இருக்கு. மர்மக் கதை. பெரட்டு மணியைக் காணோம். மணி அடிக்கலைன்னா என்னா ஆவும்? தோட்டமே எழுந்திரிக்காது! ஆள் மேய்க்கிற தண்டல் தூங்குறாரு, கணக்கு எழுதுற கிராணி தூங்குறாரு, தொரை வீட்டு நாய் தூங்குது. ஒரே ஒரு ஆளு முழிச்சிருக்கான், துப்பறியும் நிபுணரு. அது நான்தான்."

"திருடன் யாரு?"

முடிவை என் காதுல சொன்னாரு. நான் வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். ஸ்டூடியோவுல நான் அப்படிச் சிரிச்சது அதுதான் முதல் தடவை. தவ்கே எட்டிப் பார்த்தாரு. அந்தச் சிரிப்புக்காகவே நானும் அந்தப் படத்துல சேர்ந்துட்டேன். ஆளுங்க போட்டோவுக்குப் போட்டுக்க ஸ்டூடியோவுல ஒரு கோட்டு மாட்டியிருக்கும், எல்லாருக்கும் அதே கோட்டுதான். அதை நிபுணருக்குக் கொடுத்தோம். நான் பரு எடுக்கிற பூதக்கண்ணாடியும் போச்சு.

நடிக்கிறவங்க எல்லாம் தோட்டத்து ஆளுங்க. கிராணி பொண்டாட்டியா நடிச்சது காளியம்மா அக்கா. ராசு அண்ணனுக்குச் சின்ன வயசுலயே அம்மா தவறிட்டாங்க. ஆளுங்க குடியிருக்கிற வரிசை வீட்டுல, அதான் லயம், பக்கத்து வீடு காளியம்மா அக்காவோடது. அந்த வீட்டுச் சோத்தைத் தின்னுதான் அவரு வளர்ந்தாரு. நடிக்கக் கூப்பிட்டதுக்கு அக்கா சொன்ன பதிலை அவரு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பாரு: "தூங்குற வேஷம்தானேடா? வாரேன். எனக்கு முப்பது வருஷத் தூக்கம் பாக்கி இருக்கு."

படத்தை எப்ப எடுக்கிறதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. கித்தா தோட்டத்துக்குள்ள சாதாரண நாள்ல வெளிச்சமே இருக்காது. மத்தியானம்கூட குடை பிடிச்ச மாதிரி இருட்டு. அந்தச் சின்னக் கேமராவுக்கு வெளிச்சம் பத்தாது. ஆனா வருஷத்துல ஒரு தடவை, தைப்பூசத்தை ஒட்டி, மரமெல்லாம் இலையை உதிர்க்கும். முதல்ல மஞ்சள், அப்புறம் செம்பு நிறம், அப்புறம் ஒண்ணுமே இல்ல, வெறும் கொப்புதான். அந்த மாசத்துல மரத்துக்குப் பால் குறையும். அதனால அந்தத் தோட்டத்துல ஆறு வாரம் வெட்டு நிறுத்தி மரத்துக்கு ஓய்வு விட்டுடுவாங்க. ஆளுங்களுக்குப் புல் வெட்டுற வேலை, உரம் போடுற வேலை. அந்த ஆறு வாரம்தான் எங்க வெளிச்சம்.

எடுத்த ரோலைக் கழுவ வெளிநாட்டுக்குத் தபால்ல அனுப்பணும். வர்றதுக்கு மூணு வாரம் ஆகும். முதல் ரெண்டு ரோல் வந்ததும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் நல்லா இருந்துச்சு. ஒரே ஒரு இடம் மோசம்: நிபுணர் பூதக்கண்ணாடியோட மரத்துக்கிட்ட குனியுறாரு, தூரத்துல இருந்து எடுத்தது பளிச்னு இருக்கு, கிட்டப் போய் எடுத்தது கலங்கிப் போயிருக்கு. அவரோட கூட்டாளி ஒருத்தர் கேமரா பிடிச்சாராம், கை ஆடிடுச்சு.

"திரும்ப எடுக்கணும் அண்ணே. அதே மரம், அதே இடம்."

"ரோல் காலியாயிருச்சே தங்கச்சி." சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாரு. "சரி. பாத்துக்கலாம்."

அடுத்த வாரம் புது ரோல் மூணு வாங்கிட்டாரு. அந்தக் காசு எங்கிருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல.

அந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, பஸ் ஏறி நானே தோட்டத்துக்குப் போனேன். எனக்கு அது வரைக்கும் தோட்டம்னா வாடிக்கையாளர்களோட விலாசம்தான். உள்ள போனா, என்னன்னு சொல்றது, தரையெல்லாம் சிவப்பு. கணுக்கால் வரைக்கும் காய்ஞ்ச இலை. மேல பார்த்தா ஆயிரக்கணக்குல வெறும் கொப்பு, அதுக்கு மேல வெள்ளை வானம், மரத்துக்கு நடுவுல தூரத்துச் சுண்ணாம்பு மலை தெரியுது. எல்லா மரமும் ஒரே வயசு, ஒரே உயரம், ஒரே வரிசை. நடந்துக்கிட்டே இருக்கேன், இடம் மட்டும் மாறவே இல்ல. நம்ம காலடிச் சத்தம் நமக்கு முன்னாடி போகுது. தூக்கத்துல நடக்கிற மாதிரிதான் இருந்துச்சு. நெகட்டிவ்லயே வாழ்ந்தவ நான், முதல் தடவையா ஒரு நெகட்டிவுக்குள்ள இறங்கி நடந்தேன்.

அந்த இடம் காளியம்மா அக்காவோட நிரை. ஒவ்வொரு ஆளுக்கும் வெட்டுறதுக்கு இத்தனை மரம்னு பிரிச்சுக் கொடுத்திருப்பாங்க, அதுதான் நிரை. அவங்களோடது ஓடையோரம், லயத்துல இருந்து ரொம்பத் தள்ளி. ராசு அண்ணன் கோட்டு மாட்டிக்கிட்டு நின்னாரு. கேமரா என் கையில.

"தங்கச்சி, வேற மரத்துல எடுத்துக்கலாமா? இந்தா, இது நல்ல மரம்."

"விளையாடுறீங்களா? அதே மரம்தான் வேணும். இல்லன்னா ஒட்டாது."

"மரம் எல்லாம் ஒண்ணுதானே, யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் லா! குனிங்க."

நான் பிடிச்ச பிடியை விட மாட்டேன்னு அவருக்குத் தெரியும். குனிஞ்சாரு. நான் கிட்டப் போய், பட்டையும் பூதக்கண்ணாடியும் அவரு மூக்கும் தெரியுற மாதிரி, ஒரு நூல் கூட அசையாம எடுத்தேன். அவ்வளவு நல்ல ஷாட் என் வாழ்க்கையில நான் எடுத்ததே இல்ல.

அது கழுவி வர்றதுக்குள்ள மரமெல்லாம் துளிர்த்து, வெட்டு திரும்ப ஆரம்பிச்சு, தோட்டம் பழையபடி இருட்டாயிடுச்சு. நான் வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கிட்டு மேசையில உட்கார்ந்தேன். ஒரு சின்னத் திரைப்பெட்டி, பக்கத்துல கைப்பிடி. கையால சுத்தச் சுத்தப் படம் ஓடும். மெல்லச் சுத்துனா மெல்ல நடப்பாங்க, நிறுத்துனா கால் தூக்குனபடி நின்னுடுவாங்க. தூரத்து ஷாட்டையும் புது ஷாட்டையும் ஒட்டிச் சுத்திப் பார்த்தேன். சரியா இல்ல. ஏதோ உறுத்துச்சு. தவ்கே பின்னால வந்து நின்னு பார்த்துட்டு, கண்ணாடியைக் கழட்டினாரு. "தெங்கோ லாகி."

பார்த்தேன். மரத்துப் பட்டையில சிவப்புப் பெயிண்ட்ல ஒரு சின்னக் கோடு. முதல் ஷாட்டுல, உளியால வெட்டுன தடம் அந்தச் சிவப்புக் கோட்டோட ஒட்டி நிக்குது, காய்ஞ்சு கறுத்துப் போய். புது ஷாட்டுல அந்தத் தடம் ரெண்டு விரல் கீழ இறங்கியிருக்கு. பச்சையா, வெளுப்பா. ஒட்டுன இடத்துல அது டக்குனு கீழ குதிக்குது.

ராசு அண்ணன் வந்தப்போ சுத்திக் காட்டுனேன். "அண்ணே, இந்தக் கோடு இறங்கிடுச்சு. பார்க்கிறவங்களுக்கு உறுத்தும்."

அவரு முகம் சுண்டிப் போச்சு. நான் அதைப் படம் கெட்டுப் போன கவலைன்னு நினைச்சேன்.

"வெட்டிடு தங்கச்சி. அந்தத் துண்டே வேணாம்."

"மூணு வாரம் காத்திருந்து..."

"வெட்டிடும்மா."

வெட்டினேன். கிளிப்புல மாட்டி, பதினேழுன்னு நம்பர் எழுதினேன்.

ஒரு வாரம் கழிச்சுக் காளியம்மா அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தாங்க. தலையை அழுந்த வாரி, நல்ல சேலை கட்டியிருந்தாங்க. பாஸ்போர்ட் அளவுல படம் வேணுமாம். ஈப்போவுல ஏதோ ஃபேக்டரிக்கு மனு போடணுமாம்.

"ஏன்க்கா, தோட்டத்து வேலை என்னாச்சு?"

"நிறுத்திட்டாங்கம்மா. மாசக் கடைசியில வீட்டையும் காலி பண்ணணும்." குரல் சாதாரணமாத்தான் இருந்துச்சு, ஆனா கைப்பையைத் திறக்கிறதும் மூடுறதுமா இருந்தாங்க. "ஓய்வு விடறதுக்கு முந்தி மரத்துக்கு மரம் சிவப்புக் குறி போடுவாங்க. வெட்டு அங்க நிக்கணும். திரும்ப வேலை தொடங்குன அன்னைக்கு, வேலையை மேற்பார்க்குற கண்டக்டரு வந்து பாக்குறாரு, என் நிரையில ஓடையோரத்து மரம் அத்தனையும் ரெண்டு விரல் கீழ இறங்கியிருக்கு. ஓய்வுல திருட்டு வெட்டு வெட்டி, உறைஞ்ச கட்டிப்பாலை வெளிய வித்துட்டேன்னு எழுதிட்டாங்க. என் நிரை, அப்ப நான்தானே? முப்பது வருஷத்துல ஒரு மரத்தைக் காயம் பண்ணினது இல்ல நான்."

ரெண்டு விரல்.

யோசிக்காம அவங்களை உள்ள கூட்டிட்டுப் போயி, பதினேழாம் நம்பரை எடுத்துப் பெட்டியில மாட்டி, கைப்பிடியை அவங்க கையில கொடுத்தேன். அக்கா ஒரு சுத்து சுத்தினாங்க. நிறுத்தினாங்க. திரும்பச் சுத்தினாங்க. நான் சிவப்புக் குறியைத்தான் பார்த்தேன். அவங்க பார்த்தது வேற. வெட்டு முடியுற இடத்துல உளித் தடம் லேசா மேல சுழிச்சு நின்னுச்சு. அதைத்தான் விரலால தொட்டாங்க.

"இது ராசு கை."

"எப்படிக்கா தெரியும்?"

"உளி பிடிக்க அவனுக்குக் காட்டிக் கொடுத்ததே நான்தானே? இந்தச் சுழிப்பை விடுடான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்." கைப்பிடியை விட்டுட்டு அந்த வெளிச்சத்தையே பார்த்தாங்க. ஃபேன் காத்துல தலைக்கு மேல துண்டெல்லாம் ஆடிக்கிட்டிருந்துச்சு. "அவன் நிரை ரோட்டோரம். கண்டக்டரு வீட்டுக்கு எதுக்க. அதான் என்னோடதுக்கு வந்திருக்கான்."

"வாங்கக்கா, இப்பவே போய் தொரைகிட்ட காட்டுவோம்!"

"வேணாம்." அவ்வளவு உறுதியா ஒரு 'வேணாம்' நான் கேட்டதில்ல. "நீயும் சொல்லக் கூடாது. அவனுக்குத் தெரியும்ல, அவன் வாயால சொல்லட்டும். சொல்லலைன்னா, நான் சோறு போட்டு வளர்த்தது அவ்வளவுதான்."

பாஸ்போர்ட் படத்தை வாங்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. அந்த ஆளு வாங்குன மூணு ரோலுக்குக் காசு எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப விளங்கிடுச்சு. நான் 'திரும்ப எடு'ன்னு சொன்னதாலதான் அவரு அந்த மரத்துல உளியை வச்சாருங்கிறதும் விளங்கிச்சு. துண்டைத் தூக்கிட்டுப் போய் தவ்கே முன்னால வச்சு, விஷயத்தைச் சொன்னேன். அவரு லென்ஸை வச்சுப் பார்த்தாரு. வெந்நீர் ஒரு மடக்குக் குடிச்சாரு. "யாரோட ஃபிலிம்?"னு கேட்டாரு. வாடிக்கையாளரோடதுன்னேன். "அப்ப அவன்கிட்ட கொடு. எறியணும்னா அவன் கையால எறியட்டும். நம்ம கை வேண்டாம்." அவ்வளவுதான். திரும்பத் தன் வேலையைப் பார்க்கப் போயிட்டாரு.

ராசு அண்ணன் சனிக்கிழமை வந்தாரு. மறுநாள் மத்தியானம் தோட்டத்து மண்டபத்துல படம் போடுறதா ஊரெல்லாம் சொல்லியாச்சு. ரெண்டு ரீலும் சுத்தித் தயாரா இருந்துச்சு. நான் பதினேழாம் நம்பரை அவரு உள்ளங்கையில வச்சேன்.

"காளியம்மா அக்கா இதைப் பார்த்துட்டாங்க."

"என்னா சொன்னாங்க?"

"உங்க கைன்னாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. நீங்களே சொல்லணுமாம்."

துண்டைப் பிடிச்சுக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்தாரு. உள்ளங்கையில ஒரு முழம் ஃபிலிம். குப்பைக்கூடை காலுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. வெளிய சைக்கிள் மணி, அங்காடிக்காரன் சத்தம் எல்லாம் வந்து வந்து போச்சு.

"பத்து மரம்தான்னு தொடங்குனேன் தங்கச்சி. இலை வந்து மூடிரும், எவன் பாக்கப் போறான்னு நெனச்சேன். அக்காவைச் சந்தேகப்படுவாங்கன்னு கனவுலயும் நெனைக்கல. அவங்களைப் போயி யாரு..." முடிக்கல. கண்ணைத் துடைச்சாரு. அப்புறம் துண்டை என்கிட்ட நீட்டுனாரு.

"ஒட்டு."

ஒட்டுனேன். அவரு பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாரு. டேப்பை அழுத்தி, காத்து இல்லாம தேய்ச்சேன். முப்பத்தோரு வருஷத்துல அவ்வளவு கவனமா ஒரு ஒட்டு நான் போட்டது கிடையாது.

ஞாயித்துக்கிழமை மண்டபத்து ஜன்னலுக்கெல்லாம் கோணிச் சாக்கு கட்டியிருந்தாங்க. சந்து வழியா வெயில் கோடு கோடா உள்ள விழுந்துச்சு. லயத்துச் சனம் பூரா வந்திருந்துச்சு. கண்டக்டரும் கிராணியும் முன்னால நாற்காலியில. காளியம்மா அக்கா நடுவுல பாயில. அவங்க வீட்டுச் சாமான் பாதி மூட்டை கட்டியாச்சுன்னு யாரோ சொன்னாங்க. படத்துக்குச் சத்தம் கிடையாது. கோயில் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ராசு அண்ணனே எல்லாருக்கும் குரல் கொடுத்தாரு. புரொஜெக்டர் நான்.

தண்டல் குறட்டை விட்டாரு, ஜனம் சிரிச்சுச்சு. நாய் குறட்டை விட்டுச்சு, ஜனம் புரண்டுச்சு. காளியம்மா அக்கா திரையில தூங்கிக்கிட்டே விளக்குமாத்தால நிபுணரை ஒரு போடு போட்டாங்க, விசில் பறந்துச்சு. இலை உதிர்ந்த தோட்டம் வந்ததும் மட்டும் எல்லாரும் கொஞ்சம் அமைதியாயிட்டாங்க. தினமும் நிக்கிற இடம்தான், ஆனா திரையில அது சொப்பனத்துல வர்ற இடம் மாதிரி மினுங்குச்சு. நிபுணர் நடந்து வந்தாரு. மரத்துக்கிட்ட குனிஞ்சாரு. பதினேழாம் நம்பர் வந்துச்சு.

அந்த இடத்துல "ஆகா, தடயம் கிடைச்சிருச்சு!"ன்னு அவரு கத்தணும். கத்தல. மைக்ல மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், நிபுணரோட அந்தக் கீச்சுக் குரல்லயே தொடங்கி, பாதியில சொந்தக் குரலுக்கு வந்து சொன்னாரு:

"இந்த வெட்டு என்னுது. ஓய்வுல வெட்டுனது நான்தான். காளியம்மா அக்கா இல்ல."

எல்லாரும் சிரிச்சாங்க. படத்துல வர்ற வசனம்னு நினைச்சுட்டாங்க. சிரிச்சுக்கிட்டே திரையைப் பார்த்தாங்க. அத்தனை பேரும் பால் வெட்டுறவங்க. சிவப்புக் குறி, ரெண்டு விரல், உளியோட சுழிப்பு. ஒரு வரிசையில சிரிப்பு நின்னுச்சு, அடுத்த வரிசையில நின்னுச்சு. கடைசியில புரொஜெக்டர் ஓடுற சத்தம் மட்டும்தான்.

ரீல் முடிஞ்சு வெறும் வெள்ளை வெளிச்சம் திரையில விழுந்துச்சு. காளியம்மா அக்கா எழுந்து நின்னாங்க.

"ஏண்டா, இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு பெரிய படம் வேணுமா?"

சொல்லிட்டுப் பாயை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாங்க. யாரும் சிரிக்கல. ரெண்டாவது ரீலைப் போடச் சொல்லி யாரும் கேக்கவும் இல்ல.

மறுநாளே அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைச்சுச்சு. ராசு அண்ணனை நிறுத்திட்டாங்க. அவரு பீடோர் பக்கம் போயி லாரியில வேலைக்குச் சேர்ந்துட்டதாக் கேள்வி. கேமராவை யார்கிட்டயோ கொடுத்தனுப்பிச்சு ஸ்டூடியோவுல சேர்த்துட்டாரு. ரீலை வாங்க வரல. ரெண்டு தடவை ஆள் விட்டுச் சொல்லியும் வரல. நான் ரெண்டையும் டின்ல போட்டு அலமாரியில வச்சேன். ஜாங்கான் புவாங்.

எண்பதுகள்ல, தவ்கே காலமாகி அவரு மகன் கடையைப் பார்த்துக்கிட்ட காலத்துல, ஒருநாள் காளியம்மா அக்கா வந்தாங்க. தோட்டத்து வேலையில இருந்து நின்னுட்டாங்களாம். முடி பூரா வெளுத்திருந்துச்சு.

"தங்கச்சி, ரொம்ப நாளாக் கேக்கணும்னு. அந்த மணியை யார்தான்மா திருடுனது?"

ரெண்டாவது ரீலை எடுத்து அதே பெட்டியில மாட்டிக் கொடுத்தேன். அக்காவே சுத்தினாங்க. நிபுணர் தோட்டம் பூரா தேடி அலைஞ்சு, களைச்சுப் போய் வீட்டுக்கு வந்து படுக்கிறாரு. தலைக்கு ஏதோ உறுத்துது. தலையணையைத் தூக்குனா, கீழ பெரட்டு மணி. அவரேதான் தூக்கத்துல நடந்து போய் எடுத்துட்டு வந்திருக்காரு. முதல் நாள்லயே ராசு அண்ணன் என் காதுல சொன்ன முடிவு அதுதான்.

அக்கா சிரிக்க ஆரம்பிச்சு, முந்தானையை வாயில வச்சு அழுத்திக்கிட்டாங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு, எதுக்குன்னு தெரியல. அப்புறம் முதல் ரீலையும் கேட்டாங்க. பதினேழாம் நம்பர் வந்ததும் நிறுத்தினாங்க.

"இந்தத் துண்டை எடுத்துரும்மா. பீடோர்ல அவனுக்குப் புள்ளைங்க இருக்காம். என்னைக்காச்சும் பாக்கும்ல? அப்பனைப் பார்த்து அதுங்க சிரிக்கணும், அவ்வளவுதான். வேற எதுவும் அதுல வேணாம்."

வெட்டினேன். கிளிப்பை நோக்கிக் கை தன்னாலப் போச்சு. அக்கா என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. முப்பத்தோரு வருஷத்துல உருவம் விழுந்த ஒரே ஒரு துண்டைத்தான் நான் குப்பையில போட்டேன். அது நான் எடுத்த நல்ல ஷாட்டு. அதுதான் தம்பி, நீ கேட்ட குதி.

இப்ப பின்வரிசை அம்மா. எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு அவங்க என்கிட்ட வந்தாங்க. நாற்பது வயசுக்கு மேல இருக்கும். மூக்கைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு.

"நான் ராஜமாணிக்கம் மக ஆன்டி. அப்பா தவறி ஆறு வருஷம் ஆச்சு. அந்தப் படத்துல அவரு வெட்டுன மரம் ஒண்ணு கிட்டத்துல வரும்னு சொல்லியிருக்காரு. எல்லாத்தையும் சொல்லியிருக்காரு, எதையும் மறைக்கல. அதைப் பாக்கத்தான் வந்தேன். காணோமே?"

"நான்தான் எறிஞ்சேம்மா. காளியம்மா அக்கா எடுத்துடச் சொன்னாங்க."

"ஏன்?"

சொன்னேன். அக்கா சொன்ன வார்த்தையை ஒண்ணு விடாம அப்படியே சொன்னேன். அந்தப் பொண்ணு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா.

"அப்பாவுக்கு அவங்க முகத்துல முழிக்கத் தைரியம் வரல ஆன்டி. ரெண்டு தடவை சிம்பாங் பூலாய் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டாரு. கடைசி நாள்ல கூட, அக்கா மன்னிச்சிருப்பாங்களா, மன்னிச்சிருப்பாங்களான்னு எங்களைக் கேட்டாரு. எங்களுக்கு என்னா தெரியும்? தெரியாமலே போயிட்டாரு."

அந்தப் பொண்ணு முன்பக்கம் திரும்பிப் பார்த்தா. திரை இன்னும் மாட்டியே இருந்துச்சு.

"ஆன்டி, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்றீங்களா?"

அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். போட்டான். ராசு அண்ணன் கோட்டு மாட்டிக்கிட்டு, சிவப்பு இலையில நடந்து வந்து, மரத்துக்கிட்ட குனிஞ்சாரு. படம் குதிச்சுச்சு. அவரு தூரத்துல நடந்து போனாரு.

"இன்னொரு தடவை"ன்னா அந்தப் பொண்ணு.